பாசியின் பி6எஃப் புரதத்துக்குள் பச்சையம் எதற்கு? ஒட்டாத ஹீம் ஒன்றும் இருக்கிறதே!

நெய்தல்நிலா | செவ்வாய், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. அடுத்த வியாழன் எனக்குச் செமினார். சீட்டுக் குலுக்கலில் விழுந்த தலைப்பு: பச்சைப்பாசியின் சைட்டோகுரோம் பி6எஃப் (ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கைமாற்றும் சவ்வுப் புரதக் கூட்டு) அமைப்பு. சீனியர் அக்கா ஒருத்தர் "இங்கே போய்க் கேள், திட்டுவார்கள், ஆனால் சொல்லித் தருவார்கள்" என்றார்.

எங்கள் புத்தகத்தில் இது வெறும் கட்டம். இந்தப் பக்கம் எலக்ட்ரானைக் கொண்டுவரும் பிளாஸ்டோகுயினோன், அந்தப் பக்கம் அதை வாங்கிப்போகும் பிளாஸ்டோசயனின், நடுவில் பி6எஃப் என்று எழுதிய செவ்வகம். நேற்று புரதக் கட்டமைப்புக் களஞ்சியத்திலிருந்து கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசியின் கோப்பை (1கியூ90) இறக்கி லேப்டாப்பில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சவ்வைக் குறுக்காகக் கடக்கும் சுருள்களை மூன்று தடவை எண்ணினேன், ஒரு பாதியில் 13 வருகிறது. அதோடு நிற்கவில்லை:

உள்ளே ஒரு குளோரோபில் இருக்கிறது. ஒளியைப் பிடிக்கிற வேலையே இல்லாத புரதத்தில் குளோரோபில் எதற்கு?

ஒரு ஹீமுக்கு (இரும்பணுவை நடுவில் வைத்த வளையம்) மேலேயும் கீழேயும் பிடித்துக்கொள்ள அமினோ அமிலமே இல்லை. மாதிரி கட்டியவர்கள் தப்பாக வைத்துவிட்டார்களா?

இன்னொன்று, ஏன் பாசி? கீரை கிடைக்கவில்லையா?

---

வடகரை வாத்தியார் | செவ்வாய், இரவு 10:50

அம்மா, வா. 13 சரிதான், பயப்படாதே.

உன் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆட்கள் பின்னால் வருவார்கள். நான் பெயர்க்கதை மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷம் தாவரவியல் எடுத்தவன், அந்த "எஃப்" என்ன என்று ஒரு பையன்கூடக் கேட்டதில்லை. லத்தீனில் இலைக்கு "ஃப்ரோன்ஸ்" என்று பெயர். அதன் முதல் எழுத்து. கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் குழு 1951-52 வாக்கில் இலைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்து வைத்த பெயர். பார்ஸ்லி இலையிலிருந்து எடுத்தார்கள், நம் கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே ஹில்தான் 1960இல் பெண்டாலோடு சேர்ந்து, ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைத் தள்ளும் இரண்டு ஒளித்தொகுதிகளும் வரிசையாக வேலை செய்கின்றன, நடுவில் சைட்டோகுரோம்கள் நிற்கின்றன என்று எழுதினார். நீ பார்த்த செவ்வகம் அன்று போட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அப்புறம் 43 வருஷம் ஆனது.

---

படிகப்பித்தன் | செவ்வாய், இரவு 11:34

வாத்தியார் ஐயா சொன்ன அந்த 43ஆவது வருஷம் 2003. நவம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு கட்டுரைகள் அச்சில் வந்தன. பாரிஸில் ஸ்ட்ரோபெல், ஷோக்கே, போபோ, பிக்கோ நால்வரும் கிளமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டியின் கட்டமைப்பை 3.1 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் போட்டார்கள். அமெரிக்காவில் பர்டியூ பல்கலையில் குரிசு, ஷாங், ஸ்மித், கிரேமர் நால்வரும் மாஸ்டிகோகிளாடஸ் என்ற வெந்நீர் ஊற்று நீலப்பச்சைப் பாசியை 3.0இல் போட்டார்கள்.

நிலா, முதலில் கட்டடத்தைப் பிடித்துக்கொள். இது எப்போதும் இரட்டையாகத்தான் நிற்கும், சுமார் 220 கிலோடால்டன். ஒவ்வொரு பாதியிலும் எட்டுப் புரதச் சங்கிலிகள். பெரியவை நான்கு: சைட்டோகுரோம் எஃப், சைட்டோகுரோம் பி6, ரீஸ்கே இரும்பு-கந்தகப் புரதம், உட்கூறு நான்கு. பொடியன்கள் நான்கு: பெட்-ஜி, எல், எம், என். இந்தப் பொடியன்கள் ஒவ்வொன்றும் ஒற்றைச் சுருள், கொட்டகை ஓரத்தில் நட்ட மூங்கில் மாதிரி வெளிவிளிம்பில் நிற்கும். பி6-க்கு நான்கு, உட்கூறு நான்குக்கு மூன்று, எஃப்-க்கும் ரீஸ்கேவுக்கும் ஒவ்வொன்று, பொடியன்களுக்கு நான்கு. கூட்டிப் பார், 13.

இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஒரு குகை: ஏறக்குறைய 30 ஆங்ஸ்ட்ராம் உயரம், 25 அகலம், 15 ஆழம். சவ்வுக்குள் நீந்திவரும் பிளாஸ்டோகுயினோன் இதற்குள் நுழைந்துதான் வேலையை முடித்துக்கொண்டு போகிறது. செமினாரில் இந்தக் குகையைக் கட்டாயம் காட்டு. உன் புத்தகத்தின் செவ்வகத்தில் ஓட்டையே கிடையாது.

ரீஸ்கேவைத் தனியாக வண்ணம் போட்டுப் பார். கால் ஒரு பாதியில் ஊன்றியிருக்கும், தலை அடுத்த பாதியில் போய் உட்கார்ந்திருக்கும். கால் ஒரு வீட்டில், தலை பக்கத்து வீட்டில். இரட்டையைப் பிரித்தால் என்ன ஆகும் என்று யோசி.

---

குறுக்குக்கேள்வி | புதன், காலை 7:05

> தலை அடுத்த பாதியில் போய் உட்கார்ந்திருக்கும்

உட்கார்ந்திருந்தால் எப்படி வேலை நடக்கும்? எலக்ட்ரான் ரீஸ்கேவின் இரும்பு-கந்தகக் கொத்திலிருந்து எஃப்-இன் ஹீமுக்குப் போக வேண்டும். நானும் கோப்பைத் திறந்து தூரம் அளந்தேன். 25 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வருகிறது. புரதத்துக்குள் எலக்ட்ரான் தாவ ஏறக்குறைய 14 ஆங்ஸ்ட்ராம்தான் எல்லை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கட்டமைப்பு தப்பா, பாடம் தப்பா?

---

வடகரை வாத்தியார் | புதன், காலை 8:20

ஏற்றம் பார்த்திருக்கிறாயா தம்பி? கால் நட்ட இடத்தில் நிற்கும். மேலே குறுக்குமரம் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் சாய்ந்து சாய்ந்து எழும். ரீஸ்கே தலை அப்படி. கிணற்றில் மொள்வது குயினோல் (எலக்ட்ரான் ஏறிய பிளாஸ்டோகுயினோன்) பக்கம், ஊற்றுவது எஃப் பக்கம்.

---

குறுக்குக்கேள்வி | புதன், காலை 8:31

ஏற்றத்தில் ஆள் மிதிப்பான் ஐயா. இங்கே மிதிப்பவர் யார்?

---

படிகப்பித்தன் | புதன், காலை 9:15

நல்ல கேள்வி, இந்தத் தடவை குறும்புக்காகக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

மிதிக்க ஆள் வேண்டாம். வெப்பத்தில் புரதத் தலை தானாகவே அல்லாடிக்கொண்டுதான் இருக்கும், கழுத்துப் பகுதி இளக்கமானது. குயினோல் பக்கம் வரும்போது கொத்து எலக்ட்ரானை வாங்குகிறது, எஃப் பக்கம் போகும்போது கொடுக்கிறது. இந்த ஆட்டத்தை முதலில் பிடித்தது நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சகோதரப் புரதமான பிசி1-இல், 1998இல். வெவ்வேறு படிகங்களில் தலை வெவ்வேறு இடத்தில் இருந்தது, அதிலிருந்து ஊகித்தார்கள். கிளமிடோமோனாஸ் படிகத்தில் டிடிஎஸ் என்ற தடுப்பானைப் போட்டுத்தான் படிகம் வளர்த்தார்கள், அது குயினோல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆடுகிறவனைப் பிடித்து நிறுத்தி எடுத்த போட்டோ அது. நீ அளந்த 25 அந்தப் போட்டோவின் தூரம்.

இதனால்தான் இந்தப் புரதத்தில் கட்டமைப்பை மட்டும் பார்த்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

எஃப் விஷயத்தில் ஒரு அழகு, நிலா. அதன் ஹீமை ஒரு பக்கம் ஹிஸ்டிடின் பிடித்திருக்கிறது. மறுபக்கம் பிடிப்பது புரதத்தின் முதல் அமினோ அமிலமான டைரோசின், அதுவும் அதன் பக்கக்கிளை இல்லை, சங்கிலி தொடங்கும் அமினோ முனையே. 1994இல் டர்னிப் இலையின் எஃப்-ஐத் தனியாகப் படிகமாக்கியபோதே இது தெரிந்துவிட்டது. முன்னால் இருக்கும் வழிகாட்டித் துண்டை வெட்டி எறிந்தால்தான் அந்த முனை வெளியே வரும், அப்புறம்தான் ஹீமைப் பிடிக்க முடியும். பிறந்து தொப்புள்கொடி அறுத்த பிறகுதான் வேலை.

---

நெய்தல்நிலா | புதன், மதியம் 1:40

அண்ணா, இதை ஸ்லைடில் போடலாமா? தொப்புள்கொடி வரை போட மாட்டேன் 😅

ஆனால் எனக்கு இன்னும் எலக்ட்ரான் பாதை இரண்டாகப் பிரியும் இடம் புரியவில்லை. குயினோலிடம் இரண்டு எலக்ட்ரான் இருக்கிறது. ரீஸ்கே ஒன்றுதானே வாங்கும்?

---

படிகப்பித்தன் | புதன், மதியம் 2:25

ஆமாம், ஒன்றுதான். அங்கேதான் பாகப்பிரிவினை. முதல் எலக்ட்ரான் ரீஸ்கே, எஃப், பிளாஸ்டோசயனின் என்று ஒளித்தொகுதி ஒன்றுக்குப் போகும். இரண்டாவது அந்தப் பாதையில் போக முடியாது. அது பி6-க்குள் இருக்கும் இரண்டு ஹீம்கள் வழியாக, முதலில் லூமன் (சவ்வுப் பையின் உட்புறம்) பக்க ஹீம், பிறகு ஸ்ட்ரோமா (பைக்கு வெளிப்புறம்) பக்க ஹீம், சவ்வைக் குறுக்காகத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய் அங்கே காத்திருக்கும் இன்னொரு குயினோனுக்குப் போகும். இப்படி இரண்டு தடவை நடந்தால் எதிர்க்கரைக் குயினோன் முழுக்க நிரம்பி, ஸ்ட்ரோமாவிலிருந்து இரண்டு புரோட்டான் எடுத்துக்கொண்டு மறுபடி குயினோலாகிவிடும்.

கணக்கு: பிளாஸ்டோசயனினுக்குப் போன ஒவ்வொரு இரண்டு எலக்ட்ரானுக்கும் லூமனில் நான்கு புரோட்டான். பாகம் பிரிக்காமல் நேரே அனுப்பியிருந்தால் இரண்டுதான். பீட்டர் மிட்செல் 1975இல் போட்ட கணக்கு, கியூ சுழற்சி. அவருக்கு நோபல் 1978இல் வந்தது, அது இதற்காக மட்டும் என்று எழுதிவிடாதே, புரோட்டான் வேறுபாட்டால் ஏடிபி உண்டாகிறது என்ற பெரிய கருத்துக்காக.

இந்தக் குயினோல் உடையும் படிதான் முழு எலக்ட்ரான் ஓட்டத்திலும் மெதுவான படி. ஒளித்தொகுதியில் பிகோ வினாடியில் நடப்பதெல்லாம் இங்கே வந்து மில்லி வினாடிக் கணக்கில் வரிசையில் நிற்கும். டோல்கேட் மாதிரி.

---

பாசிக்குளம் | புதன், இரவு 9:02

நாள் முழுக்க லேபில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். நிலா, "ஏன் பாசி" என்ற கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்களே, கவனித்தாயா? படிகக்காரர்களுக்குப் பாசி என்றால் குடுவையில் வரும் பச்சைத் தண்ணீர். நான் சொல்கிறேன்.

கீரையில் பி6எஃப்-ஐ உடைத்தால் செடி செத்துவிடும். செத்த செடியில் என்ன ஆராய்வது? கிளமிடோமோனாஸுக்கு அசிடேட் ஊற்றினால் ஒளிச்சேர்க்கையே இல்லாமல் இருட்டில் வளரும். அதனால் ஒளிச்சேர்க்கையை எந்த இடத்தில் வேண்டுமானாலும் உடைத்துவிட்டு, ஆளை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். 1988இல் போய்ன்டன், கில்ஹாம் குழு அதன் பசுங்கணிகத்துக்குள்ளேயே துகள்துப்பாக்கியால் மரபணுவைச் செலுத்திக் காட்டினார்கள். அதற்கப்புறம் பி6எஃப்-இல் எந்த அமினோ அமிலத்தையும் மாற்றலாம் என்றானது. பாரிஸ்காரர்கள் படிகத்துக்குப் புரதம் பிரித்ததே இந்த வசதியில்தான்: சைட்டோகுரோம் எஃப்-இன் வாலில் ஆறு ஹிஸ்டிடினைச் சேர்த்து, நிக்கல் பத்தியில் கொக்கிபோட்டு இழுத்தார்கள்.

நாம் இன்று வளர்க்கும் ஆய்வக வகைகளில் பெரும்பாலானவற்றின் பாட்டி 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து வந்தவள். எனக்குப் பிடித்த தகவல், செமினாருக்குப் பயன்படாது.

பி6எஃப் இல்லாத வகையை நான் தட்டில் வளர்த்திருக்கிறேன். கண்ணுக்கு மற்றதைப் போலப் பச்சைதான். நீல ஒளி அடித்து வடிகண்ணாடி வழியாகப் பார்த்தால் பளீரென்று சிவப்பாக ஒளிரும். வாங்கிய ஒளியை அனுப்ப வழியில்லை, திருப்பி உமிழ்கிறது. முதல் தடவை பார்த்தபோது தட்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டப் போனேன். ஒரு வார உழைப்பு, மயிரிழையில் தப்பியது.

மரபணுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாக எழுதிவிடாதே. எஃப், பி6, உட்கூறு நான்கு, பெட்-ஜி, பெட்-எல் ஐந்தும் பசுங்கணிக மரபணுவில். ரீஸ்கே, பெட்-எம், பெட்-என் மூன்றும் செல்லின் உட்கருவில். இரண்டு அடுப்பில் சமைத்து ஒரு இலையில் பரிமாற வேண்டும். அதனால் பாசி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: கூட்டாளி கிடைக்காத சைட்டோகுரோம் எஃப் சேர்ந்துவிட்டால், அது தன் சொந்த உற்பத்தியையே நிறுத்தச் சொல்லிவிடும். சாப்பிட ஆள் வராவிட்டால் உலையில் அரிசி போடாதே என்று.

---

குறுக்குக்கேள்வி | புதன், இரவு 9:30

எல்லாம் சரி, அவள் கேட்ட இரண்டு முக்கியக் கேள்விக்கும் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒட்டாத ஹீம். ஓசிப் பச்சையம்.

---

படிகப்பித்தன் | புதன், இரவு 10:48

வருகிறேன். ஹீம் முதலில்.

மாதிரி கட்டியதில் தப்பு இல்லை நிலா. இரண்டு கண்டங்கள், இரண்டு உயிரிகள், இரண்டு குழுக்கள், இரண்டிலும் ஒரே இடத்தில் அதே ஹீம். அது ஸ்ட்ரோமா பக்க ஹீம் பி-க்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. பி6-இன் 35ஆம் சிஸ்டீனோடு ஒரே ஒரு சகப்பிணைப்பு. இரும்பணுவுக்கு எந்த அமினோ அமிலமும் கை கொடுக்கவில்லை, ஒரு நீர் மூலக்கூறுதான், அந்த நீர் பக்கத்து ஹீமின் புரோப்பியோனேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சிஐ, சிஎன், எக்ஸ் என்று மூன்று பெயரில் எழுதுவார்கள். மூன்றும் ஒருவரே, குழம்பாதே.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? படிகக்காரர்களுக்கு முன்னாலேயே இரண்டு பேர் இதன் வாசனையைப் பிடித்துவிட்டார்கள். 1983இல் லாவெர்ன், குளோரெல்லா பாசியில் ஒளித்தொகுதி ஒன்று இல்லாத வகையில் ஒளிமாற்றத்தை அளந்தபோது, தெரிந்த எந்த ஹீமுக்கும் பொருந்தாத ஒரு சமிக்ஞை வந்தது. அதற்கு "ஜி" என்ற பெயர் நிலைத்தது. 1997இல் குராஸ், வோல்மன் குழு கிளமிடோமோனாஸில் பி6-ஐக் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓடவிட்டாலும் ஒரு ஹீம் விடாமல் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று காட்டினார்கள். சாதாரண பி ஹீம் கழன்றுவிட வேண்டும். அதை ஒட்டவைக்கத் தனியாக ஒரு வழித்தடமே இருக்கிறது என்று மரபியலில் கண்டுபிடித்தார்கள். 2003இல் ஆள் முகத்தோடு பிடிபட்டது.

என்ன வேலை? கை காலியாக இருப்பதால் குயினோன் நேரடியாக அந்த இரும்பின் பக்கம் வர முடியும். என்கியூஎன்ஓ என்ற குயினோன் போலி அந்த இரும்பையே பிடித்துக்கொள்வது 2007இல் படிகத்தில் தெரிந்தது. ஒளித்தொகுதி ஒன்றிலிருந்து எலக்ட்ரான் திரும்பிவரும் சுழல் ஓட்டத்துக்கு இதுதான் வாசல் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சில ஃபர்மிக்யூட் பாக்டீரியாக்களிலும் இதே ஹீம் இருக்கிறது, அவை பசுங்கணிகத்தைக் கனவிலும் கண்டதில்லை.

---

பாசிக்குளம் | புதன், இரவு 11:20

சுழல் ஓட்டத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். 2010இல் மினாகவா குழு கிளமிடோமோனாஸிலிருந்தே ஒளித்தொகுதி ஒன்றும் பி6எஃப்-உம் சேர்ந்த பெருங்கூட்டைப் பிரித்தெடுத்தார்கள். வாசல் இந்த ஹீமா என்பது வேறு விவாதம், ஆனால் திரும்பும் பாதை இருப்பது உண்மை.

பச்சையத்துக்கு வருகிறேன். பழைய எதிர்ப்பு, "பிரிக்கும்போது ஒட்டிக்கொண்ட அழுக்கு" என்பது. தைலகாய்டுச் சவ்வில் எங்கு பார்த்தாலும் குளோரோபில்தானே. பாரிஸ்காரர்கள் 1997இலேயே கிளமிடோமோனாஸ் பி6எஃப்-இல் எஃப் ஒன்றுக்குக் குளோரோபில் ஏ ஒன்று, வெளியே இருப்பதோடு எளிதில் இடம் மாறாது என்று காட்டிவிட்டார்கள். 2003 படிகங்கள் இரண்டிலும் உட்கூறு நான்கின் எஃப், ஜி என்று எழுத்திட்ட சுருள்களுக்கு (சைட்டோகுரோம் எஃப், பெட்-ஜியோடு குழம்பாதே) நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அழுக்கு இல்லை.

என் கட்சி: அது செய்தி சொல்லும் கம்பி. பி6எஃப் இல்லாத பாசியில், ஒளியறுவடைப் புரதங்கள் ஒளித்தொகுதி இரண்டிலிருந்து ஒன்றுக்கு இடம் மாறும் நிலைமாற்றம் நடப்பதில்லை. அதற்கான கைனேஸ் (புரதத்தில் பாஸ்பேட் ஒட்டும் நொதி) எஸ்டிடி7, இதே கிளமிடோமோனாஸில் 2003இல் ரோஷே குழு கண்டுபிடித்தது. அதை எழுப்ப உட்கூறு நான்கின் ஸ்ட்ரோமா பக்கப் பகுதி வேண்டும் என்று 2017இல் வந்தது. பச்சையமும் உட்கூறு நான்கில்தான். குயினோல் வந்து உட்கார்ந்த சேதி அதன் வழியாகப் போகிறது என்கிறேன்.

---

குறுக்குக்கேள்வி | புதன், இரவு 11:41

அக்கா, நீலப்பச்சைப் பாசியிலும் அதே இடத்தில் அதே பச்சையம். அங்கே எஸ்டிடி7-உம் இல்லை, அது இடம் மாற்றும் அறுவடைப் புரதமும் இல்லை. பிறகு யாருக்குச் சேதி?

---

பாசிக்குளம் | புதன், இரவு 11:58

...தூங்கப் போகிறேன்.

---

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 6:30

இழை நன்றாகப் போகிறது. ஏற்றம் மிதிப்பது பற்றிய ஏழு பதிவுகளை ஊர்க்கதைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன்.

---

பாசிக்குளம் | வியாழன், காலை 9:10

இரவெல்லாம் அந்தக் கேள்விதான். சரி, ஒப்புக்கொள்கிறேன்: கைனேஸுக்காக அது அங்கே வந்திருக்க முடியாது, கைனேஸ் பின்னால் வந்தது. ஏற்கனவே இருந்ததைப் பிறகு வந்தவர் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்ற அளவில் நிற்கிறேன். அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

---

படிகப்பித்தன் | வியாழன், மதியம் 12:35

என் கட்சி: அடைப்புச் சாமான். பிசி1-இல் சைட்டோகுரோம் பி ஒரே சங்கிலி, எட்டுச் சுருள். இங்கே அதையே இரண்டாக வெட்டிய மாதிரி பி6-உம் உட்கூறு நான்கும். கூட்டினால் ஏழுதான், எட்டாவது காணோம். 1984இல் விட்ஜர், கிரேமர், ஹெர்மன், டிரெப்ஸ்ட் வரிசைகளை ஒப்பிட்டு இந்த உறவைக் காட்டினார்கள். சுருள் குறைந்த இடத்தில் கொழுப்பும் நிறமியும் நிரம்பி ஆளைத் தாங்குகின்றன. பச்சையத்தின் நீளமான பைட்டைல் வால் குயினோல் நுழைவாசலில் குறுக்கே கிடக்கிறது பார் நிலா, படலைக் கதவு மாதிரி.

லிப்பிடின் அருமை பர்டியூகாரர்களுக்குத் தெரியும். சுத்தம் செய்யச் செய்யப் புரதம் கெட்டுக்கொண்டே போனது. கழுவிப்போன லிப்பிடைத் திரும்பச் சேர்த்தபின் படிகம் ஓரிரவில் வந்தது.

ஆனால் பச்சையம் அடைப்பாக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. ஒளிபட்டால் அது ஆக்சிஜனைச் சுற்றியிருப்பதைத் தாக்கும் வடிவமாக மாற்றிவிடும். வழக்கமாகப் பக்கத்தில் கரோட்டின் நின்று காவல் காக்கும். இங்கேயும் ஒரு பீட்டா கரோட்டின் இருக்கிறது, ஆனால் 14 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, காவலுக்கு எட்டாத தூரம். அதற்குப் பதிலாகச் சுற்றியிருக்கும் புரதமே கிளர்ச்சியை 200 பிகோ வினாடி அளவில் தணித்துவிடுகிறது. கரைசலில் தனியாக விட்டால் அது நானோ வினாடிக் கணக்கில் நீடிக்கும். வெறும் அடைப்புக்கு இத்தனை பாதுகாப்பு ஏன் என்று குறுக்குக்கேள்வி கேட்பான், நானே கேட்டுவிடுகிறேன்.

---

குறுக்குக்கேள்வி | வியாழன், மதியம் 12:50

என் வேலையைப் பறிக்கிறீர்கள். என் கட்சி எளிது: பழைய வீட்டுத் தூணில் அடித்த ஆணி. ஏன் அடித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, பிடுங்கினால் தூண் விரியும், அதனால் இருக்கிறது.

---

நெய்தல்நிலா | அடுத்த வெள்ளி, இரவு 8:15

முடிந்தது!! 25 நிமிடம் பேசினேன். 2019இல் ஷெஃபீல்டுகாரர்கள் கிரையோ-இஎம் (உறையவைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வழியாக எடுத்த கீரை பி6எஃப்-ஐ (3.6 ஆங்ஸ்ட்ராம்) பாசியோடு பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அதிலும் பச்சையம் அதே இடத்தில். தடுப்பான் போடாததால் பிளாஸ்டோகுயினோன்களே உள்ளே தெரிகின்றன. "அப்படியானால் கீரை கிடைத்திருக்கிறதே" என்று தோழி கத்தினாள்.

வெளியிலிருந்து வந்த சார் இரண்டே கேள்வி. எஃப்-இன் ஹீமை இரண்டாவது பக்கம் பிடிப்பது எது? டைரோசின் 1-இன் அமினோ முனை என்று சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார். அடுத்து, "செம்பு கிடைக்காத குளத்தில் பிளாஸ்டோசயனினுக்கு எங்கே போகும் உன் பாசி?" முழித்தேன். யாருமே எனக்குச் சொல்லவில்லை 😤

பச்சையத்துக்கு மூன்று கட்சியையும் வைத்தேன். சார் ஆணிக் கட்சி.

---

பாசிக்குளம் | வெள்ளி, இரவு 8:40

ஐயோ, அது என் பாடம், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். செம்பு இல்லாவிட்டால் கிளமிடோமோனாஸ் பிளாஸ்டோசயனினைக் கைவிட்டு, இரும்பு வைத்த சைட்டோகுரோம் சி6-ஐச் செய்துகொள்ளும். எஃப் இரண்டுக்கும் எலக்ட்ரான் கொடுக்கும். சிஆர்ஆர்1 என்ற ஒழுங்காக்கி செம்புக் குறைவை உணர்ந்து இதை மாற்றிவிடும். மன்னித்துக்கொள் நிலா.

---

குறுக்குக்கேள்வி | வெள்ளி, இரவு 8:44

அந்தச் சார் யார் என்று கேட்க மாட்டேன். தங்கமான மனிதர்.

---

வடகரை வாத்தியார் | வெள்ளி, இரவு 9:30

அம்மா, அந்த எஃப் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா?

---

நெய்தல்நிலா | வெள்ளி, இரவு 9:33

இல்லை ஐயா. ஆனால் முதல் ஸ்லைடிலேயே பார்ஸ்லி படம் போட்டிருந்தேன். எல்லாரும் கொத்தமல்லி என்றார்கள்.